கழிவு போக

டொக்டர் கேட்டது சின்னக் கேள்வி. இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டார். அதற்கு அன்னலட்சுமி வெகுநேரம் பதில் சொன்னாள். காலையில் கண் விழித்ததுமே நனைந்த சாக்கு மூட்டை ஒன்றை நெஞ்சில் தூக்கிப் போட்டதுபோல இருப்பதைச் சொன்னாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றுகொண்டே இருப்பதையும், சோறு அடிப்பிடித்து மணக்கும்போதுதான் இது தன் வீடு என்று நினைவு வருவதையும் சொன்னாள். கொழும்பிலிருந்து மகள் அனுஷியா போனில் பேசினால், யாரோ ஒருத்தி வேறு யாருடனோ பேசுவதை ஒட்டுக்கேட்பதுபோல இருக்கிறது என்றாள். வந்து வந்து போகிற சங்கதி இல்லை இது, தினமும்தான், ஒரு நாள்கூட லீவு இல்லை என்றாள். சொல்லி முடித்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கதிரையில் இருந்த புருஷனைப் பார்த்தாள்.

சேதுராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னார்: "தூக்கம் கொஞ்சம் குறைவு, டொக்டர்."

டொக்டர் இளம் வயசு. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் நீளத்துக்கும் குட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவர் அல்ல. "இவ்வளவு நேரம் பேசினாங்களே முதலாளி, அவ்வளவுதானா?" என்றார்.

"பொம்பளைங்க பேச்சு, டொக்டர். அவிழ்த்துப் போட்டா கடை முழுக்கப் பரவிக் கெடக்கும். மடிச்சா கையளவு துணிதான்."

டொக்டர் சிரித்துவிட்டார். வெளியே வாங்குப் பலகையில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். அவர் எழுதத் தொடங்கினார்.

சேதுராமனைப் பொல்லாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கண்டியில் புடவைக்கடை வைத்திருக்கும் மனிதர். கடைக்குள்ளேயே தவழ்ந்து, கடைக்குள்ளேயே மீசை முளைத்தவர். அந்த உலகத்தில் யாரும் எதையும் உள்ளபடி சொல்வதில்லை. சொன்னால் பிழைப்பு நடக்காது. கடைக்காரர் சொல்லும் விலை விலையல்ல, அது இறங்கி வருவதற்காக ஏறி நிற்கும் ஒரு படி. வாங்க வந்தவர் "சாயம் போயிருக்கே" என்று முகத்தைச் சுளித்தால் சாயம் போயிருக்கிறது என்று அர்த்தமில்லை, துணி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பொய்யும் எதிரெதிரே நடந்து வந்து ஒரு இடத்தில் முட்டிக்கொள்ளும். முட்டிய இடத்துக்குப் பெயர் வியாபாரம். ஆகவே யார் என்ன சொன்னாலும் அதில் பாதியைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காதில் போட்டுக்கொள்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. அன்னலட்சுமி "தினமும்" என்றால் அவர் காதில் "சில நாள்" என்று விழும். "முடியலங்க" என்றால் "அலுப்பா இருக்கு" என்று விழும். அவர் பொய்யாக மொழிபெயர்த்தார் என்பதைவிட, தனக்குக் கேட்டதை மொழிபெயர்த்தார் என்பதுதான் நியாயம்.

மறுபக்கம் டொக்டரிடமும் அவர் சும்மா இருக்கமாட்டார். அவர் கணக்கில் மருந்தும் முதலில் சொல்லும் விலைதான். எந்த டொக்டரும் கொஞ்சம் ஏற்றித்தான் எழுதுவார். "டொக்டர், இந்த ராத்திரிக் குளிசை கொஞ்சம் பலமா இருக்கு. காலையில எழும்ப மாட்டேங்குறா. அரையாக்கிப் பார்ப்போமா?" என்பார். டொக்டர் யோசிப்பார். "அப்படியானா முக்கால்..." என்று இழுப்பார். சேதுராமன் தலையைச் சாய்த்து, பழைய வாடிக்கையாளர் பார்க்கிற பார்வை ஒன்று பார்ப்பார். ஒரு தடவை அரைக்கே முடிந்தது. அன்றைக்கு பஸ்ஸில் அவர் மெல்லச் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

அந்த மனநலக் கிளினிக்கைத் தேடிப் பிடித்ததும் அவர்தான். கண்டி டவுனுக்குள் போகலாம், தமிழ் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அதுதான் ஆபத்து. கடைத்தெருவில் அவருக்குத் தெரியாத முகம் இல்லை, அவரைத் தெரியாத முகமும் இல்லை. அந்த வரிசையில் மனைவியோடு நிற்பதை ஒருத்தர் பார்த்தால் போதும், சாயங்காலம் கடை பூட்டுவதற்குள் விஷயம் கூட்ஸ் ஷெட் பஸ் ஸ்டேண்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடும். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம் வேறு. அதனால் குண்டசாலை வீட்டிலிருந்து பஸ் ஏறி, திகன தாண்டி, தெல்தெனியவும் தாண்டி, யாரும் தெரியாத ஊரில், வாரத்தில் ஒரு நாள் மட்டும் நடக்கும் அந்தச் சின்னக் கிளினிக்கைப் பிடித்தார். அங்கே அவரைத் தெரிந்த ஆளும் இல்லை, தமிழ் தெரிந்த ஆளும் இல்லை. ஒன்று லாபம், மற்றது அந்த லாபத்துக்குக் கொடுத்த விலை. விலையைக் கொடுத்தது அவரல்ல.

பக்கத்துக் கடை சாஹுல் ஹமீதுக்கு மட்டும் மாதத்தில் ஒரு நாள் இந்தக் கடை பையன்களின் பொறுப்பில் கிடப்பது உறுத்தியது. அவர் பென்சிப் பொருள் வியாபாரி. வளையல், ரிப்பன், பொத்தான், ஊர்ப் புதினம் எல்லாம் அவரிடம் சில்லறையாகக் கிடைக்கும்.

"எங்க மொதலாளி, காலத்தோட ரெண்டு பேருமா கெளம்பிட்டீங்க?"

"தெல்தெனியப் பக்கம் ஒரு கோயில் நானா. நேர்த்தி."

"மாசா மாசமா? சாமிக்கே சலிச்சுப் போயிருக்கும். அது பேசாமக் குடுத்துட்டா என்ன?"

சேதுராமன் சிரித்தார். அன்னலட்சுமியும் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள். அவளுக்கு அதெல்லாம் மறந்துபோகவில்லை.

அவளுக்குச் சிங்களம் அறவே தெரியாது என்று சொல்ல முடியாது. புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கடையொன்றில் பிறந்தவள். சுற்றிலும் தமிழ். கலியாணமாகிக் குண்டசாலைக்கு வந்த பிறகு மரக்கறிக்காரனிடமும் மீன் வான்காரனிடமும் பொறுக்கிய சிங்களம்தான். மிளகாய், உப்பு, தண்ணீர், விலை, நல்லது, கெட்டது. சந்தையில் ஏமாறாமல் வருவதற்குப் போதும். நெஞ்சுக்குள் நனைந்த சாக்கு இருப்பதைச் சொல்லப் போதாது. அதனால் அவள் தமிழில் சொன்னாள், புருஷன் சிங்களத்தில் சொன்னார், டொக்டர் எழுதினார், மருந்து வந்தது. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

கிளினிக் போகிற வழியில் ஒரு வளைவு. அதுவரை வீடும் கடையும் மரமுமாக மறைத்துக்கொண்டு வரும் பாதை, அந்த இடத்தில் திடீரென்று விலகிக்கொடுக்கும். கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் பச்சையாக விரிந்து கிடக்கும். வெயில் காலம் நீண்டு தண்ணீர் வற்றினால், முன்னொரு காலத்தில் மூழ்கிப்போன பழைய ஊரின் சுவர்கள் சேற்றோடு தலைகாட்டும். பஸ்ஸில் இருக்கிறவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். அன்னலட்சுமி எப்போதும் ஜன்னல் பக்கம்தான். அந்த வளைவு வந்ததும் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். தண்ணீர் மறைகிற வரைக்கும் விடமாட்டாள். சேதுராமன் அதைக் கவனித்திருக்கிறார். பஸ் வளைவில் சாயும், பயப்படுகிறாள் என்று நினைத்தார்.

ஒரு தடவை கிளினிக்கில் அவள் மற்ற எதையும் சொல்லவில்லை. டொக்டர் கேட்பதற்கு முன்னாலேயே, புருஷன் பக்கம் திரும்பாமல், டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாள்:

"வர்ற வழியில அந்தத் தண்ணியப் பார்த்தா, பஸ்ஸ நிப்பாட்டி எறங்கிப் போயிரணும் போல இருக்கு. எறங்கி, அப்படியே நடந்து போயிரணும் போல. ஒவ்வொரு தடவையும் இருக்கு. இந்தத் தடவ எழும்பிட்டேன். இவரு கடலை வாங்கிக்கிட்டு இருந்தாரு, பாக்கல. அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம், அத மட்டும் டொக்டருக்கிட்டச் சொல்லுங்க."

 சேதுராமனுக்கு எல்லாம் கேட்டது. இந்தத் தடவை பாதி கழிந்து விழவில்லை, முழுசாக விழுந்தது. விழுந்த வேகத்தில் அவர் பயந்துபோனார். இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று மின்னல் வேகத்தில் கணக்கு ஓடியது. ஆஸ்பத்திரி வாட்டில் படுக்க வைப்பார்கள். கண்டிக்கு அனுப்புவார்கள். கண்டி என்றால் தெரு முழுக்கத் தெரியும். அனுஷியாவுக்குத் தெரியும். அனுஷியாவைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியும். இதெல்லாம் ஒரு வார்த்தை தானே, இன்றைக்கு மனம் சரியில்லை, நாளைக்கு மாறிவிடும். டொக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்னலட்சுமியும் இப்போது அவரைத்தான் பார்த்தாள். முகத்தை அல்ல, வாயை.

"பஸ்ஸில வரும்போது ஒலுவ கேரகெனவா, டொக்டர்," என்றார் சேதுராமன். தலை சுற்றுகிறதாம். "வாந்தி வர்ற மாதிரியும் இருக்காம். பாதை வளைவுதானே."

அவளுக்குச் சந்தைச் சிங்களம் உண்டு. தண்ணீருக்கு வத்துர என்று அவளுக்குத் தெரியும். குழாயில் வராத நாளெல்லாம் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்கிய சொல் அது. அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருகிறதா என்றுதான் அவள் காத்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது, தலை வந்தது, சுற்று வந்தது. வத்துர வரவில்லை.

டொக்டர் பயணத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ளச் சொல்லி வாந்திக் குளிசை எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. சேதுராமன் கடலைச் சுருளை நீட்டினார். எடுத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை, ஏசவில்லை. அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அவர் பத்து வார்த்தை சமாதானம் வைத்திருந்தார். எல்லாம் வாய்க்குள்ளேயே நமுத்துப்போனது. மறு மாதம் கிளம்பும்போது அவர் ஞாபகப்படுத்தாமலே வாந்திக் குளிசையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நிஜமாகவே தலைசுற்றலும் இருந்திருக்கலாம் என்று தனக்குத்தானே ஒரு விலை சொல்லிப் பார்த்தார். தனக்குத்தானே அதை வாங்கியும் கொண்டார்.

அன்றைக்கு டொக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டதும், சேதுராமன் வாயைத் திறப்பதற்கு முன்னால், அன்னலட்சுமியே சொன்னாள்:

"ஹொந்தய்."

நல்லாயிருக்கிறேன். ஒரே சொல், சிங்களத்தில், அவள் வாயாலேயே. டொக்டருக்கு முகம் மலர்ந்துபோனது. கதிரையைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டு, "தூக்கம்?" என்றார். ஹொந்தய். "சாப்பாடு?" ஹொந்தய். "வேற ஒண்ணும் சொல்ல இருக்கா?" அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். டொக்டர் சேதுராமன் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா முதலாளி, நோனா தானாவே பேசுறாங்க. இது பெரிய முன்னேற்றம்," என்றார். மருந்தும் குறைந்தது. கேட்காமலே குறைந்தது. பேரம் பேசாமல் கிடைத்த கழிவு எப்போதும் சேதுராமனுக்குச் சந்தேகத்தைத் தரும், ஏதோ பழுது இருக்கிறது என்று துணியைத் திருப்பிப் பார்ப்பார். அன்றைக்கு மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

அப்படியே சில மாதங்கள் போயின. தீபாவளி வந்தது. கடையில் கால் வைக்க இடமில்லை. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து, ஒரு சேலைக்கு ஆறு பேர் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிளினிக் நாளும் அந்த வாரத்திலேயே விழுந்தது. "நீயே போய்ட்டு வர்றியா லெச்சுமி? நல்லாத்தானே இருக்க. கேட்டா ஹொந்தய்னு சொன்னாப் போதும்," என்றார் சேதுராமன்.  அவள், "போயிட்டு வர்றேங்க. நீங்க கடையப் பாருங்க," என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, வீட்டை ஒருதடவை சுற்றிப் பார்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனாள்.

மத்தியானம், ஒரு கிழவி சிவப்புச் சேலைதான் வேண்டும் ஆனால் சிவப்பாக இருக்கக்கூடாது என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. அன்னலட்சுமியின் நம்பர். பேசியது வேறு பெண், சிங்களத்தில். பாதையோரம் அவித்த சோளம் விற்கிறவளாம். இந்த நோனா பஸ்ஸை நிறுத்தி இறங்கி நேரே கீழே போனாராம், கூப்பிட்டால் திரும்பவில்லையாம். தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கொட்டிலில் உட்கார வைத்திருக்கிறாளாம். சோளம் கொடுத்தால் சாப்பிடுகிறாராம், பேச மாட்டேன் என்கிறாராம். வீட்டுக்காரர் யாராவது சுறுக்காக வரவேண்டும்.

சேதுராமன் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே த்ரீவீலில் ஏறிவிட்டார். போய்ச் சேரும்வரை அது கையில் இருப்பது அவருக்குத் தெரியாது.

சோளக் கொட்டிலில், கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில், அன்னலட்சுமி ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி தின்ற சோளம். அவர் முன்னால் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்து, எதிர்பார்த்த பஸ் வந்ததுபோல எழும்பினாள்.

"என்ன லெச்சுமி?"

"பஸ்ல தல சுத்துச்சுங்க. வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. அதான் எறங்கிட்டேன்."

"சேல எப்படி நனஞ்சுது?"

"மொகங் கழுவினேன்."

முகம் காய்ந்திருந்தது. சேலை முழங்காலுக்கு மேல்வரை நனைந்து, கரை நெடுகச் சேறு பிடித்திருந்தது. சேதுராமன் அந்தச் சேற்றையே பார்த்தார். அவர் விற்ற சரக்கை அவரிடமே கொண்டுவந்து போட்டிருக்கிறாள். இது என் கடைத் துணியில்லை என்று எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கடைக்குப் போகவில்லை. தீபாவளி வியாபாரம் அங்கே தானாக நடந்தது. சாஹுல் ஹமீது போனில் கூப்பிட்டு, "என்னா மொதலாளி, கட நெறைய ஆள், கல்லாவுல ஆளில்ல. சாமி ஒங்களப் புடிச்சு வச்சுக்கிட்டுதா?" என்றார். சேதுராமன் போனைக் காதில் வைத்தபடியே அடுப்படியில் நின்ற அன்னலட்சுமியின் பக்கமாக நகர்ந்தார். மறுமுனையில் சாஹுல் ஹமீது குரலை மாற்றிக்கொண்டு, "சரி சரி. நான் பாத்துக்கிறன். நீங்க ஊட்ல இருங்க," என்று வைத்துவிட்டார். வீட்டில் சேதுராமன் அவள் பின்னாலேயே நடந்தார். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று சோப்பு வேண்டுமா என்று கேட்டார். அவள் எரிச்சல்படவில்லை. ஒவ்வொரு தடவையும் "வேணாங்க," என்று பொறுமையாகச் சொன்னாள்.

கிளினிக்குக்கு வராதவர்களைத் தேடிப் பேசுவதற்கு அங்கே புதிதாக ஒரு நர்ஸ் வந்திருந்தாள். பெயர் ஆஸிகா. அவளுடைய போன் வந்தது. நல்ல தமிழ். சேதுராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடும் வாய் தன் பாட்டுக்குப் பேரத்தில் இறங்கியது.

"வாங்க மிஸ், கட்டாயம் வாங்க. ஆனா அந்த ஆஸ்பத்திரி வான்ல வேணாம் மிஸ். யூனிபாரமும் வேணாம். சேல வாங்க வந்தவங்க மாதிரி வந்தீங்கன்னா..."

"நான் எப்படி வந்தாலும் கேக்கப்போற கேள்வி ஒண்டுதான் ஐயா," என்றாள் ஆஸிகா. "பரவால்ல, த்ரீவீல்ல வாரன்."

அவள் வந்த அன்று நல்ல மழை. கறுப்பு அபாயாவும் வெள்ளைத் துப்பட்டியும், தோளில் ஒரு பெரிய பை. முப்பது வயதிருக்கும். உள்ளே வந்ததும் வீட்டைப் பார்க்கவில்லை, அன்னலட்சுமியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நான் ஒங்களோட கதைக்கத்தான் வந்த. ஐயா கொஞ்சம் வெளிய ஈந்தா நல்லம்," என்றாள்.

சேதுராமன் எழும்பினார். அன்னலட்சுமி கையமர்த்தினாள்.

"அவரு இருக்கட்டும் மிஸ். எனக்கு அவருதான் பேசுறது."

"இனி நீங்களே பேசலாம். எனக்குத் தமிழ் வெளங்கும்."

"வெளங்குதுங்க," என்றாள் அன்னலட்சுமி. 

ஆஸிகா அவசரப்படவில்லை. தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள், அன்றைக்கு ஏன் பாதி வழியில் இறங்கினீர்கள் என்று கேட்டாள். எல்லாம் தமிழில். ஒரு வருஷமாக இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்விகள். சேதுராமன் சேலைகளை விரித்துக் காட்டும்போது வாடிக்கையாளரின் கண் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுபோல மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு, இந்தப் பெண்ணுக்குக் காது இருக்கிறது.

"நல்லா இருக்கேன் மிஸ். தூக்கம் கொஞ்சம் கொறவு. பஸ்ல வந்தாத்தான் தல சுத்தும். வேற ஒண்ணுமில்ல."

ஒரு சொல் பிசகாமல் அவருடைய வாசகம். சேதுராமன் எழுந்து நின்றுவிட்டார்.

"இல்ல மிஸ்! அது நான் சொன்னது. அவ அப்படிச் சொல்லல. அன்னிக்கு டொக்டருக்கிட்ட அவ சொன்னது வேற. வர்ற வழியில தண்ணியப் பார்த்தா எறங்கிப் போயிரணும் போல இருக்குன்னு சொன்னா. நடந்து போயிரணும் போலன்னு. எழும்பிட்டேன், இவரு பாக்கலன்னு. நான் அதத் தலசுத்துன்னு மாத்திட்டேன் மிஸ். எல்லாத்தையும் கொறச்சுத்தான் சொன்னேன். தினமும்னா சில நாள்னேன். பாதிக்கும் கீழதான் அங்க போயிருக்கு. நனஞ்சு வந்தா மிஸ், இடுப்புக் கிட்ட வரைக்கும் சேறு..."

 ஆஸிகாவின் முகம் மாறியது, ஆனால் குரல் மாறவில்லை. அன்னலட்சுமியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஐயா செல்றது சரியா? வாழ ஏலாது, இல்லாமப் பெய்த்தா நல்லம் எண்டு நெனப்பு வருதா? எனக்கிட்ட செல்லுங்க. நான் ஒண்டும் நெனைக்க மாட்டன்."

அன்னலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் சேதுராமன் அதில் தொங்கிக்கொண்டு கரையேறியிருப்பார். பிறகு நர்ஸைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் புருஷனின் கூத்துக்காக மன்னிப்புக் கேட்கிறவளைப் போலச் சிரித்தாள்.

"அவரு கடக்காரர் மிஸ். எதையும் கூட்டித்தான் சொல்லுவாரு. நீங்க பாதியக் கழிச்சுக்கிட்டு எடுத்துக்குங்க."

மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.  பிறகு அன்னலட்சுமி டீ போட எழுந்து போனாள்.

அவள் போனதும் சேதுராமன் ஆஸிகாவின் முன்னால் குனிந்து, ரகசியக் குரலில் கேட்டார்: "நீங்க என்னை நம்புறீங்களா மிஸ்?"

"நம்புறன் ஐயா. டொக்டருக்கு இண்டைக்கே எல்லாத்தையும் செல்லுவன். நாளைக்கு நாங்களே வந்து கூட்டிப் போற. அது வரைக்கும் அவங்கள ஒரு நிமிஷமும் தனிய விடாதீங்க. சரியா?" என்றாள். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டு, இன்னும் மெதுவாகச் சொன்னாள்: "ஆனா நீங்க செல்றது வேற, அவங்க செல்றது வேற. அவங்க வாயால ஒரு சொல்லு வரணும் ஐயா. அது வராட்டி நாங்க செய்றதெல்லாம் வெளிய நிண்டு கதவத் தட்டுற மாதிரிதான்."

டீ வந்தது. ஆஸிகா நல்லா இருக்கிறது என்றாள். அன்னலட்சுமி சீனி போதுமா என்று கேட்டாள். யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால், கலியாணத்துக்குச் சேலை எடுப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

த்ரீவீல் வந்து கேட்டுக்கு வெளியே நின்று ஹோர்ன் அடித்தது. "மழையா இருக்கு, மிஸ்ஸ ஏத்திட்டு வர்றேன்," என்று அன்னலட்சுமி குடையை எடுத்தாள். சேதுராமனும் செருப்பை மாட்டினார். ஆஸிகா கண்ணால் வேண்டாம் என்றாள். அவர் ஜன்னலோரம் நின்றுகொண்டார். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பெண்களும் ஒரே குடைக்குள் நின்றார்கள். இடையில் த்ரீவீலின் இன்ஜின் இரைந்துகொண்டிருந்தது. மழை வேறு. ஒரு சொல்லும் கேட்கவில்லை. இத்தனை காலமும் அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றவர் அவர். இப்போது முதல்தடவையாக அவள் பேச்சு அவரைத் தாண்டி வேறு ஒருத்தியிடம் போகிறது. போகிறதா? சேதுராமன் கண்ணாடியில் மூச்சுப் படர்ந்ததைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

பேசிக்கொண்டிருந்தது ஆஸிகாதான். அன்னலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே முகம் வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அன்னலட்சுமி கேட்டுத் தலையாட்டினாள். ஆஸிகா மறுபடியும் என்னவோ கேட்டாள். அதற்கும் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் சேதுராமனுக்குத் தெரியும். அவர் கடையில் தினமும் நடப்பதுதான். கலர் சரியில்லை, விலை கூட, பக்கத்துக் கடையில் பாதிக்குத் தருகிறான் என்று சண்டைக்கு நிற்கிறவர் எங்கேயும் போகமாட்டார், எடுத்துக்கொண்டுதான் போவார். சொல்வதற்கெல்லாம் ஆமாம், நல்ல துணிதான், நியாயமான விலைதான் என்று தலையாட்டிவிட்டு, சுத்திப் பார்த்துட்டு வர்றேன் என்று படியிறங்குகிறவர் இருக்கிறாரே, அவருக்காகத் துணியை மடிக்காமல் வைத்திருப்பதில் பிரயோசனமில்லை. ஒரு தடவை இல்லையென்று தலையசைக்கமாட்டாளா என்று அவர் பார்த்தார். கையை உதறிக்கொண்டு ஒரு சொல், ஒரு மறுப்பு, ஒரு கத்தல். கம்பியைப் பிடித்த கையில் ஜன்னல் துரு ஒட்டியது.

த்ரீவீல் சேற்றை வாரியடித்துக்கொண்டு திரும்பியது. அதன் சிவப்பு விளக்கு தெரு வளைவு வரை போய் மறைந்தது. அன்னலட்சுமி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஆஸிகா நின்றிருந்த வெற்றிடத்துக்கு மேலே குடை இன்னும் நீட்டியபடியே இருந்தது. குடைக்கு வெளியே அவளுடைய தோளும் தலையும் நனைந்துகொண்டிருந்தன. ஒருவரும் இல்லாத பாதையைப் பார்த்து, மெதுவாக, மரியாதையாக, அவள் தலையாட்டிக்கொண்டே நின்றாள்.